மலையக நாவல்களில் 'பேர்' என்னும் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்ட நாவல்களையும் சிறுகதைகளையும் அட்டனிலும் தலவாக்கலையிலும் உயர்தர வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது, பிரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுதல்), கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரித்தல்), காம்பரா (குடியிருப்பு அறை) போன்ற சொற்களுக்குப் பொருள் கேட்பவர்கள் குறைவு. அவை தெரியாத சொற்கள் என்று பார்த்தவுடனே விளங்கிவிடுவதால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாவது தெரிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். தடுமாற்றம் வருவது எல்லோருக்கும் தெரிந்த 'பேர்' என்ற சொல்லில்தான். யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இந்நூல்களை வாசிப்பவர்களும் அதே இடங்களில்தான் நின்றுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் விளக்கத்திற்காக நான் அமைத்தவை. எந்த நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

பேர் என்றால் பெயர்தானே? இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

பெயர் என்பதே பேச்சில் பேர் என்றாகிறது. அது ஒருவரை அழைக்கும் பெயரையும் குறிக்கும்; 'பத்துப் பேர் வந்தார்கள்' என்பதுபோல ஆட்களை எண்ணவும் உதவும். இவ்விரண்டும் தமிழ் பேசும் எல்லா ஊர்களுக்கும் பொதுவானவை. தோட்டத்துத் தமிழில் இவற்றோடு மூன்றாவது பொருள் ஒன்று உண்டு: ஒரு தொழிலாளி ஒரு நாள் செய்த வேலை, சம்பளத்துக்குரிய நாளாகக் கணக்கில் ஏறுவதே ஒரு பேர்.

"இந்த மாசம் எனக்கு இருபத்திரண்டு பேருதான்" என்று ஒரு பெண் தன் மகளிடம் சொன்னால், அவளுக்கு இருபத்திரண்டு நாட் சம்பளம்தான் வரப்போகிறது என்று பொருள். இது தெரியாதவர் இருபத்திரண்டு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று முந்திய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறார். அப்படிப் புரட்டிய பலரை நான் பார்த்திருக்கிறேன்.

செக்ரோல் என்று வருகிறதே, அதற்கும் பேருக்கும் என்ன தொடர்பு?

செக்ரோல் என்பது தோட்டத்தின் வரவுப் பதிவேடு. ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி. அந்த வரியில் அவருடைய இலக்கமும் பெயரும், அவற்றுக்கு எதிரே மாதத்தின் ஒவ்வொரு திகதிக்கும் ஒரு கட்டமும் இருக்கும். விடியற்காலையில் தப்பு அடித்ததும் ஆட்கள் பிரட்டுக்களத்தில் கூடுவார்கள். அங்கே பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு (தேயிலை நட்ட பகுதிக்கு), என்ன வேலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். வேலை முடிந்த பிறகு கணக்கப்பிள்ளை உரிய கட்டத்தில் குறி இடுவார். அந்தக் குறி விழுந்தால்தான் அன்றைய நாள் நாளாகும். தோட்டத்துச் சம்பளம் மாத முடிவில் கைக்கு வந்தாலும் நாட்கணக்கிலேயே தீர்மானிக்கப்படுவதால், பெயருக்கு எதிரே விழும் குறியையே பேர் என்று சொல்லும் வழக்கம் நிலைத்துவிட்டது.

கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் ஆணுக்கும் பெண்ணுக்கும் சிறுவருக்கும் வெவ்வேறு நாட்சம்பளம் விதிக்கப்பட்டது. ஆண், பெண் சம்பளம் சமமாக்கப்பட்டது 1984இல்தான். ஆகவே அதற்கு முந்திய காலத்துக் கதையில் கணவனுக்கும் மனைவிக்கும் இருபத்தைந்து பேர் வீதம் விழுந்திருந்தாலும், அவள் கைக்கு வரும் பணம் குறைவாகவே இருக்கும். ஆசிரியர் இதை விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய முதல் வாசகர்களுக்கு அது சொல்லாமலே தெரிந்த செய்தி.

அரைப்பேர் என்றால் பாதிப் பெயரா? பட்டப்பெயர் மாதிரியா?

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி. பட்டப்பெயருக்கும் அரைப்பேருக்கும் தொடர்பில்லை. முழு நாளும் வேலை செய்தவருக்கு அரைநாள் சம்பளத்தை மட்டும் கணக்கில் ஏற்றுவதே அரைப்பேர். கொழுந்து பறிப்பவர் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் ஓர் அளவு வைத்திருக்கும். அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். அண்மைக்காலக் கதைகளில் 16, 18, 20 கிலோ என்று வரும், பழைய கதைகளில் இறாத்தல் கணக்கில் வரும். அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர். கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக்காசு.

நிறுவை நடக்கும் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் இச்சொல்லின் கனம் தெரியும். பெண்கள் கூடைக் கொழுந்தைச் சாக்கில் கொட்டி வரிசையில் நிற்பார்கள். தராசு காட்டும் எடையில் சாக்குக்கு இவ்வளவு, இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் கணக்கு எழுதப்படும். மழை நாளில் ஈரக் கழிவு கூடும். தராசில் பத்தொன்பது காட்டிய கொழுந்து, கழிவு போகப் பதினேழாக எழுதப்படலாம். அளவு பதினெட்டு என்றால், அந்த ஒரு கிலோவில் அரைநாள் சம்பளம் போய்விடுகிறது. முற்றிய இலை கலந்திருக்கிறது என்று அள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை நிறுப்பதும் உண்டு.

மலையகக் கதைகளில் சண்டை பெரும்பாலும் இந்தத் தராசடியில்தான் தொடங்குகிறது. "அக்கா, ஒனக்கு அரைப்பேருதான்" என்ற ஒரு வரிக்குப் பிறகு மூன்று பக்கத்துக்கு வாக்குவாதம் நீள்வது ஏன் என்று கேட்கும் மாணவர், அந்த வரியில் பறிபோனது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளிவந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் அரைப்பேர் என்றால் 675 ரூபா.

ஒரு பக்கத்தில் பேர் 'போட்டார்' என்கிறார், அடுத்த பக்கத்தில் 'பதிந்தார்' என்கிறார், பிறகு 'வெட்டினார்' என்கிறார். எல்லாம் ஒன்றா?

ஒன்றல்ல. 'பேர்' என்பதை மட்டும் வைத்துப் பொருள் தேடாமல், அதைத் தொடரும் வினையைப் பார்த்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். போடு என்று வந்தால் அது அன்றைய நாளைப் பற்றிய பேச்சு: "கணக்கப்புள்ள இன்னைக்குப் பேரு போடல" என்றால் அன்றைய வேலை சம்பளத்தில் சேரவில்லை. பதி என்று வந்தால் அது ஒருவரின் வாழ்க்கையைப் பற்றியது: தோட்டத்தின் நிரந்தரத் தொழிலாளியாகப் பதிவேட்டில் சேர்வதே பேர் பதிதல். பேர் பதிந்தவருக்கும், பதியாமல் கைக்காசுக்கு வேலை செய்பவருக்கும் உரிமைகளில் பெரிய வேறுபாடு உண்டு. லயத்தில் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பில்) ஒரு காம்பராவில் குடியிருப்பதே பல வேளைகளில் வீட்டில் ஒருவராவது பேர் பதிந்திருப்பதைப் பொறுத்தது. படிப்பை நிறுத்திய மகளைப் பேர் பதியச் சொல்லித் தகப்பன் வற்புறுத்தும் காட்சிகள் அதனால்தான் வருகின்றன.

வெட்டு என்ற வினையில்தான் கவனம் வேண்டும். அது இரண்டுக்கும் வரும். "பிந்தி வந்தாள் என்று பேரை வெட்டிவிட்டார்" என்றால் ஒரு நாள் போயிற்று. "பேரை வெட்டிப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்" என்றால் வேலையே போயிற்று. பத்துச்சீட்டு என்பது தோட்டத்தைவிட்டு விலக்கும்போது கொடுக்கப்படும் சீட்டு. அருகில் சீட்டு, துரை (தோட்ட மேலாளர்), ஆபீஸ், சங்கம் (தொழிற்சங்கம்) போன்ற சொற்கள் வந்தால் இரண்டாவது பொருளையும், மலை, நிரை, தராசு, மழை வந்தால் முதற்பொருளையும் கொள்ளலாம். இரண்டுக்கும் இடமளித்து ஆசிரியர் வேண்டுமென்றே மயங்கவைக்கும் இடங்களும் உண்டு. அங்கே பொருளைத் தீர்க்க அவசரப்படாமல் அடுத்த அத்தியாயம் வரை காத்திருப்பது நல்லது.

பேர் கொடுத்தல் என்பது சங்கத்தில் சேர்வதையும் குறிக்கும். நல்ல பேர் எடுத்தல், பேர் கெடுதல், பேர் வைத்தல் ஆகியவை பொதுத்தமிழில் உள்ள பொருளிலேயே வருகின்றன.

'மலையில் நாற்பது பேர்' என்றால் நாற்பது ஆட்களா, நாற்பது நாளா?

பேசுபவர் யார் என்று பாருங்கள். வேலிக்கு அப்பால் நின்று பார்க்கும் சிறுவன் சொன்னால் நாற்பது ஆட்கள். கங்காணியோ கணக்கப்பிள்ளையோ மாலையில் துரைக்கு முன்னால் நின்று சொன்னால், அது கணக்கில் ஏறிய நாற்பது நாட்களாக இருக்கலாம். இரண்டும் எப்போதும் ஒத்துவராது. நாற்பத்து நான்கு பெண்கள் மலைக்குப் போய், முப்பத்தாறு பேருக்கு முழுப்பேரும் எட்டுப் பேருக்கு அரைப்பேரும் விழுந்தால், கணக்கில் நிற்பது நாற்பதுதான். நாலு ஆளின் உழைப்பு எங்கே போயிற்று என்று ஒரு பாத்திரம் கேட்டால், அது கணக்குத் தெரியாதவரின் கேள்வி அல்ல.

ஏன் 'நாள்' என்றே சொல்லக்கூடாது? அதுதானே தெளிவு?

சொல்வதும் உண்டு, சம்பள உயர்வு பற்றிய பேச்சில் நாட்சம்பளம் என்றே வருகிறது. ஆனால் நாள் எல்லோருக்கும் விடிந்து எல்லோருக்கும் முடிகிறது. பேர் போட ஒருவர் வேண்டும். போடுபவரின் விருப்பு, வெறுப்பு, கைநீட்டம் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் இடம் வைத்திருக்கிறது. கதையாசிரியர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

கங்காணி தன் ஆட்கள் வேலைக்கு வரவில்லை என்றால் லயத்துக்கே வந்து கதவைத் தட்டுகிறார். மற்றவர் பேரில் அவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

அவருடைய வருமானம் அதில் இருந்தது. பழைய முறையில், தன் கூட்டத்திலிருந்து வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு சதம் என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. காய்ச்சலில் கிடப்பவரை எழுப்பிக் கூட்டிப்போவதற்கும், ஆட்களை வேறு கங்காணியிடம் விடாமல் வைத்திருப்பதற்கும் அதுவே காரணம்.

கடனும் இதோடு சேர்ந்துகொண்டது. தொழிலாளியின் கடனைத் தீர்த்துவிட்டால் அவரை அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தோட்டம் மற்றொன்றுக்குக் கொடுத்த எழுத்தே துண்டு. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1921க்கு முன் நடக்கும் கதையில் 'அவன் பேரில் துண்டு எழுதினார்கள்' என்று வந்தால், அந்த மனிதர் கடனோடு சேர்த்துக் கைமாறுகிறார் என்று கொள்ள வேண்டும்.

'பேருக்கு வேலை' என்பது சும்மா வேலை என்றா?

இரண்டு விதமாகவும் வரும். "பேருக்கு ஒரு டிஸ்பென்சரி இருந்தது" என்றால், மருந்தும் இல்லை, மருந்து கொடுப்பவரும் இல்லை என்ற பொதுத்தமிழ்ப் பொருள். "பேருக்குப் பதினெட்டுக் கிலோ" என்றால் ஒரு நாட்சம்பளத்துக்கு அந்த அளவு. எண் வந்தால் பின்னது. பெரும்பாலும் இந்த விதி தவறுவதில்லை.

கடைக்காரர் 'ஒன் பேர்ல எழுதியிருக்கேன்' என்கிறார். அவரும் செக்ரோல் வைத்திருக்கிறாரா?

அவரிடம் இருப்பது கடன் கொப்பி. இங்கே பேரில் எழுதுவது என்றால், வாங்கிய அரிசி, மா, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் பெறுமதியை ஒருவர் கணக்கில் பற்றாக எழுதுவது.  ஒரே நபரின் பெயர் இரண்டு புத்தகங்களில் இருக்கிறது: ஒன்றில் வரவேண்டியது, மற்றதில் போகவேண்டியது. சம்பள நாளன்று கடைக்காரர் வாசலில் வந்து நிற்கும் காட்சி பல கதைகளில் இருக்கிறது. அக்காட்சியில் 'பேர்' அடுத்தடுத்த வரிகளில் இரு பொருளிலும் வரக்கூடும் என்பதால் மெதுவாக வாசியுங்கள். சம்பளம் போதாத மாதத்தில் 'பேர் குறைந்தது', 'பேரில் ஏறியது' என்ற இரண்டும் ஒன்றன் விளைவாக மற்றது வரும்.

'அவன் பேரில் கோபம்', 'அந்த உத்தரவின் பேரில்' போன்றவற்றைக் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பேரில் என்பது மேல், அடிப்படையில் என்ற அளவிலேயே நிற்கிறது.

தாத்தா 'எங்க பேரே இல்லேன்னுட்டான்' என்று அழுகிறார். அரைப்பேர் கூட இல்லையா?

இது தோட்டத்துக் கணக்கு அல்ல, நாட்டின் கணக்கு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, வாக்குரிமை குடியுரிமையோடு பிணைக்கப்பட்டபோது வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர்கள் பெயர் நீங்கியது. அந்த ஆண்டுகளில் நடக்கும் கதையில் பேர் இல்லை என்பதை இடாப்போடு சேர்த்தே படிக்க வேண்டும்.

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று வகுத்தது. மீதி 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த இரண்டு வாக்கியங்களில் நானே 'பேர்' என்ற சொல்லை ஆளுக்குப் பதிலாக மூன்று முறை ஆண்டிருக்கிறேன், வேறு வழியில்லை. அக்காலக் கதையில் "பேர் வந்துவிட்டது" என்று ஒருவர் சொல்லக் கேட்டு வீடே அடங்கிப்போனால், அது பெரும்பாலும் கடவுச்சீட்டு பற்றிய செய்தி. எந்த நாட்டுக்கு என்பதை ஆசிரியர் சொல்லும்வரை மகிழ்ச்சியா துயரமா என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பட்டியலிலும் தங்கை மற்றதிலும் இருக்கலாம். எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையை நீக்குவதற்கான சட்டம் 2003இல் நிறைவேறியது.

ஒரே பாத்திரம் ராமாயி, இராமாய், ராமை என்று மூன்று விதமாக வருகிறது. அச்சுப்பிழைதானே?

சில பதிப்புகளில் அச்சுப்பிழையும் இருக்கலாம். ஆனால் தோட்டத்து ஆவணங்களில் இது அன்றாடம் நடப்பது. பிறப்புப் பதிவில் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினார். செக்ரோலில் கிளாக்கர் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதினார். தேசிய அடையாள அட்டைக்கு மூன்றாவது வடிவம் போயிற்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊழியர் சேமலாப நிதியைக் கேட்கப் போகும்போது, மூன்றும் தானே என்று அந்த அம்மா நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கதையில் இப்படி வரும்போது எந்த வடிவம் யார் வாயிலிருந்து, எந்தத் தாளிலிருந்து வருகிறது என்று குறித்து வாருங்கள். வீட்டார் அழைப்பது ஒன்றாகவும் தாளில் இருப்பது வேறாகவும் ஒழுங்காகப் பிரிந்து வந்தால், அதை ஆசிரியர் அறிந்தே செய்திருக்கிறார்.

'கல்லைப் பேர்த்து எறிந்தான்', 'இடம்பெயர்ந்தார்கள்' என்பதும் இதே சொல்லா?

இவை வினைகள். பெயர்தல் என்றால் நகர்தல். பெயர்த்தல், பேர்த்தல் என்றால் இருந்த இடத்திலிருந்து கிளப்புதல். நாம் பேசிவந்த பேர் பெயர்ச்சொல். ஒலி ஒன்றாக இருப்பதைக் கொண்டு 'ஊர் பெயர்ந்தவர்க்குப் பேர் இல்லை' என்ற பாணியில் கட்டுரைத் தலைப்பு வைக்கும் ஆசை மாணவர்களுக்கு வருகிறது. தலைப்போடு நிறுத்திக்கொள்ளலாம், அதையே வாதமாக நீட்டினால் பரீட்சகர் ஏற்கமாட்டார்.

விடைத்தாளில் பேர் என்று எழுதினால் புள்ளி குறைப்பார்களா? பெயர் என்று திருத்த வேண்டுமா?

உங்கள் சொந்த நடையில் பெயர் என்றே எழுதுங்கள். தோட்டத்துப் பொருளில் வரும் சொல்லை மட்டும் மாற்றாதீர்கள். அரைப்பேர் என்பதை 'அரைப்பெயர்' என்று திருத்தினால், பட்டப்பெயரா என்று மேலே ஒருவர் கேட்டாரே, அந்தக் குழப்பத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். முதலில் வரும் இடத்தில் மேற்கோள் குறிக்குள் இட்டு, அரைநாட் சம்பளம் என்று ஒரு வரியில் விளக்கிவிட்டால், பின்னர் குறியில்லாமலே எழுதலாம்.

நாவலின் மின்பதிப்பு இருக்கிறது. 'பேர்' எத்தனை முறை வருகிறது என்று தேடி எண்ணினால் ஆய்வாகுமா?

எண்ணுவதில் தவறில்லை, எதை எண்ணுகிறோம் என்பதில்தான் சிக்கல். 'பேர்' என்று புள்ளி வைத்துத் தேடினால் பேரு, பேரை, பேருக்கு, பேரில் எதுவும் அகப்படாது. 'பேர' என்று தேடினால் அவையெல்லாம் வரும். கூடவே பேரன், பேரம், பேரணி, பேராசிரியர், பேராதனை எல்லாம் வரிசைகட்டி வரும். மலையக நாவலில் பேராதனை எத்தனை முறை வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேர்வழி, பேர்த்து ஆகியவற்றையும் கையால் நீக்க வேண்டும். பெயர் என்ற எழுத்து வடிவத்துக்குத் தனியாக ஒரு தேடல் வேண்டும். சில ஆசிரியர்கள் கதைசொல்லிக்குப் பெயரையும் பாத்திரங்களுக்குப் பேரையும் கொடுத்திருப்பார்கள்.

நீக்கியபின் எஞ்சியதை மொத்த எண்ணாகத் தராமல், வினை வாரியாகப் பிரியுங்கள்: போடு, பதி, வெட்டு, கொடு, எழுது, வா. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் சொன்ன பாத்திரத்தையும் குறியுங்கள். வெட்டு என்ற வினை எந்த அத்தியாயத்தில் முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு மாறுகிறது என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள்.